ஒரு பாட்டில் தண்ணீரில் ஆறு தெரியாது

நேற்றைய கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "தாமிரபரணித் தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு, இந்தச் சூழலியல் ஆளுங்கதான் ஊரைப் பயமுறுத்துதாங்க" என்றார் அந்த அண்ணாச்சி. கைதட்டலும் விழுந்தது. இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

அந்தத் தண்ணீரைப் பிடித்தது எப்போது? உச்சிவெயிலில், பிசான நெல் சாகுபடிக்கு அணை திறந்து ஆறு நிறைந்து ஓடும்போது. பெருந்தண்ணீரில் கழிவு கரைந்து தெரியாமல் போகும். வெயிலில் பாசியும் செடியும் ஆக்சிஜனை விடும். இரவில் அதே பாசியும் கிருமிகளும் அதை இழுத்துத் தீர்த்துவிடும். மீன் திணறுவது விடியற்காலையில். அதற்காகத்தான் தண்ணீரை அளக்க இருட்டோடு போய்ப் படித்துறையில் நிற்கிறோம், கோடையிலும் போகிறோம். குளிக்கிற ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது கரைந்திருக்க வேண்டும், பிஓடி, அதாவது கிருமிகள் கழிவைத் தின்று தீர்க்க இழுக்கிற ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பிஓடி பார்க்கவே 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும் அண்ணாச்சி. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பாட்டிலில் ஆறு தெரியாது.

கல்லைப் புரட்டினால் தெரியும். மலையடிவாரத்தில் நல்ல தண்ணீர் ஓடும் இடத்தில், கல்லுக்கு அடியில் மூன்று வால் இழையோடு சின்னப் பூச்சிகள் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு ஆக்சிஜன் குறைந்தால் ஆகாது. சாக்கடை கலக்கும் இடத்தில் சேற்றை அள்ளினால் ரத்தச் சிவப்பில் புழு நெளியும். நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் உண்டு, அதனால் மூச்சுமுட்டும் சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். ஒருநாள் எடுத்த தண்ணீர் அந்த ஒருநாளைத்தான் சொல்லும். பூச்சியும் புழுவும் பல வாரக் கதையைச் சொல்லும்.

"அளந்து எழுதுற நேரத்துக்குக் குப்பையை அள்ளலாமே" என்பார்கள். அள்ளுகிறோம். சாக்கடை எங்கே கலக்கிறது, யார் வீட்டுக் குழாய்க்குப் போகிறது என்று தெரியாமல் எவ்வளவு அள்ளினாலும் தீராது.

அப்புறம் ஒரு பேச்சு, நான் சாமிக்கு எதிரி என்று. அதுதான் வலிக்கிறது. தாமிரபரணிக் கரைப் பாபநாசத்தில், பரிகாரத்துக்கு முங்கி எழுந்து அவிழ்க்கிற துணியை ஆற்றில் விடாதீர்கள், கரையில் போடுங்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான். பாலியெஸ்டர் மக்காது. கல்லிடுக்கில் சிக்கிய சேலையை இழுத்தால் முழம் முழமாக வரும், கூடவே கறுப்புச் சேறும் நாற்றமும். என் ஆச்சியும் அங்கே முங்கிக் கும்பிட்டவள்தான். உடுத்துப்போன சேலையை ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் காயப்போடுவாள். அவளை யாரும் சாமிக்கு எதிரி என்று சொல்லவில்லை. அவள் பேத்தியை மட்டும் எப்படிச் சொல்ல வாய் வருகிறது?