சென்டர் சர்க்கிளிலிருந்து பெனால்டி புள்ளி வரை

கால்பந்தில் பெனால்டியைத் தவறவிட்டவரைப் 'பயந்தாங்கொள்ளி' என்று யாராவது எழுதினால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பயந்தவர் அந்தப் பந்தைக் கையில் எடுக்கவே வரமாட்டார்.

2021 ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி அரங்கில் யூரோ கோப்பை இறுதிப் போட்டி, இங்கிலாந்தும் இத்தாலியும். ஆட்டம் சமனில் முடிந்து, அணிக்கு ஐந்து பேர் பெனால்டி அடித்து வெற்றியைத் தீர்மானிக்கும் கட்டம். இங்கே நமக்கு மறுநாள் விடிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. இத்தாலியின் ஜோர்ஜினோ அடித்ததை இங்கிலாந்து கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது போல அரங்கமே அலறுகிறது. இங்கிலாந்தின் ஐந்தாவது ஆளாக நடந்து வருகிறார் புகாயோ சாகா. வயது 19. சீனியர் ஆட்டம் எதிலும் அதுவரை ஒரு பெனால்டிகூட அடித்ததில்லை. கோல் விழுந்தால் ஆட்டம் தொடரும், விழாவிட்டால் கோப்பை போச்சு. இத்தாலி கோல்கீப்பர் டொன்னருமா பாய்ந்து தடுத்தார். அன்றிரவே சாகா, அவருக்கு முன் தவறவிட்டிருந்த ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ மூவர் மீதும் இணையத்தில் கொட்டிய இனவெறி வசவுகளை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

புள்ளியிலிருந்து கோலுக்கு 11 மீட்டர். கோலின் அகலம் 7.32 மீட்டர். இந்தத் தரத்தில் ஆடுகிறவரின் காலுக்கு அது பெரிய வேலையே இல்லை. ஆளைத் தின்பது அதற்கு முந்தைய நடைதான். வீரர்கள் காத்து நிற்கும் சென்டர் சர்க்கிளிலிருந்து, அதாவது மைதானத்தின் நடுவட்டத்திலிருந்து, நாற்பது மீட்டர் சொச்சம், தன்னந்தனியாக. ஆட்டம் ஓடும்போது யோசிக்க நேரமே இருக்காது, உடம்பே பார்த்துக்கொள்ளும். இங்கே யோசிக்க மட்டும்தான் நேரம் இருக்கிறது. தினமும் ஏறி இறங்கும் மாடிப்படியில் எந்தக் காலை எங்கே வைக்கிறோம் என்று கவனித்துக்கொண்டே இறங்கிப் பாருங்கள், கால் தடுமாறும்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக இதையே ஆராய்கிறார். இந்த அடி கோலானால் வெற்றி என்ற நிலையில் பத்தில் ஒன்பது பேர் கோல் போடுகிறார்கள். தவறினால் தோல்வி என்ற நிலையில் அது ஆறு பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதே 11 மீட்டர், அதே பந்து. அவர் கவனித்த இன்னொன்று: இங்கிலாந்து வீரர்கள் விசில் ஊதியதுமே ஓடிப்போய் அடித்துவிடுவார்களாம். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற தவிப்பு.

நிறையப் பயிற்சி எடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 2022 உலகக் கோப்பையை நினைவூட்டுகிறேன். ஆளுக்கு ஆயிரம் பெனால்டி அடித்துப் பழகி வரச் சொல்லியிருந்ததாக ஸ்பெயின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிகே சொன்னார். மொராக்கோவிடம் மூன்று பேர் அடித்தார்கள், ஒன்றுகூட கோலாகவில்லை. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி மைதானத்தில் அந்த நடை கிடையாது.

2021 விஷயத்தில் எனக்குள்ள மனத்தாங்கல் அப்போதைய இங்கிலாந்து பயிற்சியாளர் சவுத்கேட் மீதுதான். ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் 120ஆவது நிமிடத்தில் இறக்கினார். உடம்பு சூடாகவே இல்லை, பந்து காலில் ஒட்டவே இல்லை, நேராகப் போய் அடி என்றால்? 1996 யூரோ அரையிறுதியில், அதே வெம்ப்ளியில், ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். அந்த நடை எப்படியிருக்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? முடிவு என்னுடையது, பழியும் என்னுடையது என்று அவர் முன்வந்து ஏற்றுக்கொண்டதை மட்டும் மதிக்கிறேன்.

அதன் பிறகு இங்கிலாந்து வீரர்கள் மாறினார்கள். 2024 யூரோ காலிறுதி, டசல்டார்ஃப், எதிரே சுவிட்சர்லாந்து. விசில் கேட்டும் ஒருவரும் அவசரப்படவில்லை. நின்று, மூச்சை இழுத்து விட்டு அடித்தார்கள். அடித்துவிட்டுத் திரும்புகிறவரை எதிர்கொள்ள இன்னார் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். பிக்ஃபோர்டின் தண்ணீர் பாட்டிலில் யார் அடித்தால் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்ற குறிப்பு ஒட்டியிருந்தது. அதன்படி பாய்ந்துதான் சுவிட்சர்லாந்தின் அகாஞ்சி அடித்ததைத் தடுத்தார்.

மூன்றாவதாக நடந்து வந்தவர் சாகா. அன்று 80ஆவது நிமிடத்தில் இங்கிலாந்தைக் காப்பாற்றிய கோலும் அவருடையதுதான். மூன்று வருடம் அந்த இரவைச் சுமந்தவர் மறுபடியும் அதே புள்ளியில் பந்தை வைத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன். கோல். ஐந்து பேரும் போட்டார்கள், 5-3.