20 ஹேர்ட்ஸ் ஒரு சுவர் அல்ல
'20 ஹேர்ட்ஸுக்குக் (நொடிக்கு 20 அதிர்வுக்கு) கீழான ஒலியை மனிதர் அறவே உணர முடியாது' என்று நான் படித்த கட்டுரை ஒன்று அடித்துச் சொல்கிறது. அப்படியில்லை, வலு போதுமென்றால் அதற்குக் கீழும் உணர்வோம். இலங்கையின் மட்டக்களப்புப் படுவான்கரையில் வேளாண்மைக் (நெற்பயிர்) காவலுக்குப் பரணில் கிடப்பவர்களைக் கேளுங்கள்: யானை கிட்ட நின்று உறுமினால் காதுக்கு முன்னே நெஞ்சுக்கூடு அதிரும். எனக்கும் அதிர்ந்திருக்கிறது, பயம் வேறு! ஆசிய யானைகளின் இந்த உறுமலை 1980களில் அமெரிக்க ஆய்வாளர் கேட்டி பேய்னின் குழு பதிவு செய்தபோது அடி அதிர்வெண் (அதன் மிகத் தாழ்ந்த சுரம்) 14 முதல் 24 ஹேர்ட்ஸ் வரை இருந்தது. கூடவே எழும் மேற்சுரங்கள் அதைவிட உயர்ந்தவை என்பதால் பக்கத்தில் நிற்பவருக்கு லேசாகக் காதிலும் விழும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'யானைவெடி (யானை விரட்டும் பட்டாசு) போட்டால் கூட்டம் கலைந்துவிடும்' என்கிறார். கலையும், சரி. அப்புறம் தூரத்தில் நின்றே இந்தத் தாழ்ந்த ஒலியில் ஒன்றையொன்று கூப்பிட்டுச் சேர்ந்துகொண்டு, விடியுமுன் அடுத்த வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) இறங்கிவிடுமே!