உணவு முறையை மக்கள் மாற்றியிருக்கிறார்கள்

"ஊர்க்காரர்கள் கூடிப் பேசி உணவு முறை எங்கும் மாறியதில்லை, எல்லாம் அரசாங்கம் போடும் திட்டம்தான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. பிரேசிலைப் பாருங்கள். 1993-இல் பசிக்கு எதிராக நாடெங்கும் மக்கள் குழுக்கள் திரண்டன. அதே ஆண்டு பெலோ ஒரிசோன்ச்சி நகராட்சி உணவுக்கென்றே தனித் துறை தொடங்கியது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு விவசாயக் குடும்பங்களிடமே கொள்முதல் செய்ய வேண்டும் என்று 2009-இல் சட்டம் வந்தது. குழந்தைக்குப் புதிய காய்கறி, விவசாயிக்கு நிச்சயமான சந்தை; எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். 2010-இல் உணவு அரசியலமைப்பு உரிமையானது. கையெழுத்து அரசுடையது, உண்மை. ஆனால் இவற்றுக்காக வாதாடிய தேசிய உணவு மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் மக்கள் அமைப்புகளிலிருந்து வந்தவர்கள்.