'வீட்டுக்குக் கொண்டுபோங்க' என்று சொன்ன பிறகு

"இனிச் செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டுபோங்க." வார்ட்டில் கிளினிக் கொப்பியை மூடிக் கையில் கொடுக்கும்போது சொல்லப்படும் இந்த வசனத்தைக் கேட்காத லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) இலங்கை மலையகத்தில் இருக்காது. வசனம் பிழை. குணப்படுத்த ஒன்றுமில்லாமல் போயிருக்கலாம். செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதுவும் அன்றைக்குத்தான் கூடுகிறது. மருந்து எழுதும் வேலை குறைந்து, தாதியின் வேலை தொடங்கும் நாள் அது. மலையகத்தில் அந்த வேலை யார் தலையில் விழுகிறது? காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகவேண்டிய மகள் அல்லது மருமகள் தலையில். இடம், 10க்கு 12 அடி காம்பரா, அதாவது லயத்தின் ஒற்றை அறை. அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் அனுப்பிவிடுகிறோம். என் கோபம் அதில்தான்.

முதலில் வலி. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே எழுதி வைத்துவிட்டது: வாயால் கொடு, மணி பார்த்துக் கொடு, வலியின் படிக்கேற்பக் கொடு. புற்றுநோய் வலிக்குப் பனடோல் போதாத கட்டத்தில் மோர்பின். முன்பு எடுத்திராத ஒருவருக்கு டொக்டர்கள் வழக்கமாக 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று தொடங்குவார்கள். வயதானவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் அளவைக் குறைப்பார்கள், இடைவெளியைக் கூட்டுவார்கள். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணி டோஸை இரட்டிப்பாக எழுதி, விடியற்காலை 2 மணிக்கு எழுப்பாமல் விடுவதும் உண்டு.

இப்போது அந்த மணிகளைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். 10 மணிக்கும் 2 மணிக்கும் லயத்தில் யார் இருக்கிறார்கள்? எல்லாரும் மலையில். காலை 6 மணி டோஸுக்குப் பிறகு அடுத்தது மாலையில்தான் போகிறது. இடையில் வலி கிளம்பி உச்சிக்கு ஏறிவிடும். உச்சிக்கு ஏறிய வலியை இறக்க, முன்கூட்டியே அடக்கி வைப்பதைவிடக் கூடுதலான மருந்து வேண்டும். வீட்டார் "மருந்து கேட்கல" என்கிறார்கள், கிளினிக்கில் அளவைக் கூட்டுகிறார்கள். பிழை அளவில் இல்லை, மணியில்தான். அதனால் வீட்டுக்கு அனுப்புமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பகலில் யார் வீட்டில் இருப்பார்கள் என்பது. ஒருவரும் இல்லையென்றால், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று குடும்பமே டொக்டரிடம் கேட்கலாம். அந்த மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நசுக்கிக் கொடுக்கக் கூடாது. 12 மணித்தியாலத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கி, மூச்சை அமுக்கிவிடும்.

ஒரு பழைய கொப்பி போதும். நேரம், கொடுத்த அளவு, வலி பத்தில் எத்தனை, இடையில் மேலதிக டோஸ் கொடுத்தீர்களா என்று எழுதுங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டருக்கு அந்த ஒரு பக்கம் போதும். மோர்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்: லக்டுலோஸ் 15 மில்லிலீற்றர் இரண்டு வேளை, அல்லது இரவில் பிசகோடில் 5 முதல் 10 மில்லிகிராம். வாந்தியும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் அடங்கிவிடும், மலச்சிக்கல் அடங்காது. ஐந்து நாள் வயிறு போகாமல் உப்பிக் கிடப்பவரைப் பார்த்து "மோர்பின்தான் கெடுத்துருச்சு" என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வலியும் சேர்ந்துகொள்கிறது. மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்பதும் வீண் பயம். சரியான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் அது உயிரைப் பறிக்காது.

வலியைச் சொல்லும் மொழியையும் பேசியாக வேண்டும். நம் ஆட்கள் வலியை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்: குத்துது, கொடையுது, எரியுது, காந்துது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, கரண்ட் அடிச்ச மாதிரி இழுக்குது. ஒவ்வொன்றும் ஒரு தகவல். எரிவதும், காந்துவதும், கரண்ட் அடிப்பதும் நரம்பு வலி; அதற்கு மோர்பின் மட்டும் போதாமல், அமிற்றிப்டிலின் அல்லது கபபென்டின் சேர்க்க வேண்டியிருக்கும். தமிழ் தெரியாத வார்ட்டில் இது எல்லாமே "ரிதெனவா" (வலிக்கிறது) என்ற ஒரே சிங்களச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. தகவலும் மருந்தும் அங்கேயே தொலைகின்றன. கூடப் போகிறவர், எரிவு என்றால் "தெவில்ல" என்று பிரித்துச் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சொல் ஒரு மருந்தை மாற்றும்.

அடுத்தது வாய். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள், வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நீர் குடிப்பது குறைந்து, வாயால் மூச்சு விடத் தொடங்கியதும் நாக்கு காய்ந்து வெடிக்கும், அண்ணத்தில் சளி ஓடு போலப் படியும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு. பழைய வேட்டித் துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழிந்து, விரலில் சுற்றி, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் அடி என்று துடையுங்கள். நினைவில்லாதவரானால் பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள், கடித்துவிடுவார். படிந்திருப்பதை உரிக்காதீர்கள், நனைத்துவிட்டுக் காத்திருந்தால் தானே இளகும். துடைத்தும் எளிதில் போகாத வெள்ளைப் படலம், இழுத்தால் இரத்தம் கசிந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம்; நிஸ்டற்றின் சொட்டு மருந்துக்கு டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய், ஒக்சிஜன் போட்டிருந்தால் எண்ணெய் வேண்டாம். பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால், "தாகமா இருக்கு" என்ற முனகல் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்தத் தாகம் வயிற்றில் இல்லை, வாயில்தான்.

இங்கேதான் பால் ஊற்றும் வழக்கம் வருகிறது. அதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். லயத்தில் பத்துப் பேர் வந்து ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் 50 மில்லிலீற்றர். விழுங்கத் தெரியாத தொண்டையில் அது நேராக நுரையீரலுக்கு இறங்கும். இருமவும் பலமில்லாதவர் மூழ்குவதைப் போல மூச்சுக்குத் திணறுவார். தலையை உயர்த்தி ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். சுத்தமான பஞ்சைப் பாலில் தோய்த்துப் பிழிந்து, கீழுதட்டின் உட்புறம் தொட்டு எடுங்கள். பேரப்பிள்ளை தொடட்டும், அக்கா தொடட்டும், பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தொடட்டும், எல்லாரும் தொடட்டும். கடைசியில் நனைத்த துணியால் பால் பிசுபிசுப்பைத் துடைத்துவிடுங்கள். சடங்கும் குறையாது, மூச்சும் திணறாது.

"சேலைனாவது ஏத்தலாமே" என்ற கேள்வி கட்டாயம் வரும். சாகும் உடம்பு நீரைக் கையாளாது. ஏற்றிய நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி வீக்கமும் சளியும் கூடும். அவர் சாப்பிடாததால் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை. கஞ்சி கொடுக்க முடியாமல் அழும் மகளிடம் இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

படுக்கைப் புண். கட்டிலைச் சுவரோரம் நீளமாக ஒட்டிப் போடுவது லயத்து வழக்கம், இடமில்லை. ஆனாலும் தலைமாட்டை மட்டும் சுவருக்கு வைத்து, இரண்டு பக்கமும் ஒருவர் நிற்க இடம் விடுங்கள். ஒரு பழைய சேலையை நான்காக மடித்துத் தோளில் இருந்து தொடை வரை அடியில் விரித்துவிட்டால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித் திருப்பலாம். அக்குளில் கைகொடுத்து இழுத்தால், தோல் மெத்தையோடு நின்றுவிடும், எலும்பு மட்டும் நகரும். புண் உள்ளே தொடங்குவது அப்படித்தான். முழுதாகப் பக்கவாட்டில் கிடத்தாமல், முதுகுக்குப் பின்னே கம்பளியைச் சுருட்டி வைத்து 30 பாகை சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் இன்னும் நேரமிருக்கிறது. வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தில் இனி பாரம் விழக்கூடாது, எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புவது பொது விதி. கடைசி நாட்களில், திருப்புவதே வேதனையானால், இடைவெளியைக் கூட்டலாம். திருப்புவதற்கு அரை மணித்தியாலம் முன்பு வலி மருந்து. சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலுக்கு வைக்காதீர்கள், உணர்வு குறைந்த காலில் சூடு பட்டது தெரியாது. குளிருக்குக் கம்பளியும் காலுறையும் போதும்.

வெற்றிலை, புகையிலை போட்ட வாயில் வரும் புற்றுநோய்ப் புண் நாறும். நாற்றத்தால் வீட்டார் கிட்டப் போகத் தயங்குவதும், அது நோயாளிக்குத் தெரிவதும் வலியைவிடக் கொடுமை. கன்னத்துக்கு வெளியே உடைந்த புண்ணானால் உப்பு நீரால் கழுவி, மெற்றோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கித் தூவலாம். டொக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார். சில நாட்களிலேயே நாற்றம் இறங்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் பற்றவைக்காத அடுப்புக்கரி வையுங்கள். இரத்தம் பாயக்கூடிய புண்ணானால் கருஞ்சிவப்பு அல்லது கறுப்புத் துவாய் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெள்ளைத் துணியில் பரவும் இரத்தத்தை அவர் பார்க்க வேண்டாம்.

மூச்சுத் திணறும்போது நாம் செய்யும் பெரிய பிழை, குளிரென்று கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே விறகடுப்பை எரிப்பது. கட்டிலை அடுப்பிலிருந்து விலக்கி, ஜன்னலை ஒரு சாண் திறந்து, உடம்பைப் போர்த்தி, முகத்தை மட்டும் காற்றுக்கு விடுங்கள். விசிறியால் கன்னத்திலும் மூக்கிலும் காற்றுப் படும்படி மெல்ல வீசுங்கள். முகத்தில் படும் குளிர்ந்த காற்றே திணறலைக் குறைக்கும். நம் மலையில் அது இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசி நாளின் அறிகுறிகளை முன்பே சொல்லி வையுங்கள். கைகால் குளிர்ந்து முழங்காலில் ஊதா வரிகள் ஓடும். சிறுநீர் குறைந்து கறுக்கும். மூச்சு நின்று, அரை நிமிடம் கழித்து மறுபடி வரும். தொண்டையில் 'கரகர' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவரைத்தான் வதைக்கும், பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் குறையும். தாதி வரக்கூடிய இடமானால், தொடக்கத்திலேயே ஹயோசின் பியூட்டைல்புரோமைட் 20 மில்லிகிராம் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம். சளி தேங்கிய பிறகு போட்டால் பயன் குறைவு. அமைதியில்லாமல் புரண்டால் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்துப் பை கல் மாதிரி இருந்தால், ஒரு கத்தீற்றர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) போட்டதும் அடங்கும். அதைப் பார்க்காமல் மயக்க மருந்து கேட்கக் கூடாது.

இதெல்லாம் தெரியாததால்தான் கடைசி மணித்தியாலத்தில் 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, மேட்டு லயத்திலிருந்து கம்பளியில் தூக்கி இறக்கி, வளைவுப் பாதையில் அவர் உயிர் போகிறது. அடக்க முடியாத வலிக்கும், பாயும் இரத்தத்துக்கும், வலிப்புக்கும் கட்டாயம் அழையுங்கள். எதிர்பார்த்த மரணத்துக்கு அழைப்பதா என்பதை, அவருக்குப் பேச முடிகிற நாளிலேயே அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஆஸ்பத்திரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மிஸ்ஸி (தாதி) 20 நிமிடம் ஒதுக்கி, மகளின் கையாலேயே ஒரு தடவை வாயைத் துடைக்க வைத்து, ஒரு தடவை திருப்ப வைத்துக் காட்டட்டும். மருந்து மணிகள் தமிழில் எழுதிய ஒரு தாள், இரவில் அழைக்க ஒரு நம்பர், தோட்ட டிஸ்பென்சரிக்கு ஒரு கடிதம். இப்படி வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கு 2019–2023 காலத்துக்கான தேசியக் கட்டமைப்பு ஒன்றை சுகாதார அமைச்சு எழுதியது. அது லயத்துப் படியேறி வந்தால்தான் நமக்கு அர்த்தம்.

உயிர் போனதும் அவசரப்பட வேண்டியதில்லை. கண்களை மூடிச் சிறிது நேரம் விரலால் பிடித்திருங்கள். தலைக்கு ஒரு தலையணை வைத்து, கைகால்களை நேராக்கி, தாடையை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உடம்பு விறைக்கத் தொடங்கும். கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையும் பெட்டியில் பூட்டாமல் வெளியே எடுத்து வையுங்கள், மரணத்தைப் பதியும்போது முதலில் கேட்பது அதைத்தான். மிஞ்சிய மோர்பினை எண்ணி, பிள்ளைகள் கைக்குப் போகாமல், கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுங்கள். தப்பு மேளம் அடிப்பவர்கள் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் இவ்வளவுக்கும் நேரம் இருக்கிறது.