உன் புள்ளையா இருந்தா?

போன வாரம் ஒரு கல்யாண வீட்ல சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருந்தப்போ, எங்கயோ ஒரு சின்ன குழந்தைக்கு நடந்த கொடுமைய பத்தி பேச்சு வந்துச்சு. கோர்ட்டு கேஸுன்னு எதுக்கு இழுக்கணும், புடிச்ச அன்னிக்கே தூக்குல போட்டுடணும்னு ஆளாளுக்கு சொன்னாங்க. "புடிச்சிருக்கிறது சரியான ஆளுதானான்னு மொதல்ல தெரியணுமே சித்தி"ன்னு நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். சித்தி என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "ஏன்டி, உன் புள்ளையா இருந்தா இப்படி பேசுவியா?"ன்னு கேட்டாங்க. என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா, அப்ப அங்கதான் விளையாடிட்டு இருந்தா. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. வீட்டுக்கு வந்தும் அந்த கேள்வி என்னை விடவே இல்ல, அதான் இங்க எழுதறேன். நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

2017 செப்டம்பர் 8, ஹரியானால குருகிராம். ஒரு தனியார் ஸ்கூல்ல ரெண்டாவது படிச்ச ஏழு வயசு பையன், அப்பா காலைல கொண்டாந்து விட்டுட்டு போன கொஞ்ச நேரத்துலயே, டாய்லெட் பக்கத்துல கழுத்து அறுபட்டு கிடந்தான். அன்னிக்கே போலீஸ் ஸ்கூல் பஸ் கண்டக்டரை கைது பண்ணிட்டாங்க. குத்தத்தை ஒத்துக்கிட்டான்னு சொன்னாங்க, டிவி கேமரா முன்னாடியும் அவரு ஒத்துக்கிட்டாரு. அவ்ளோதான், நாடே கொதிச்சுது, அவருக்காக வாதாட மாட்டோம்னு அங்க வக்கீல் சங்கமே தீர்மானம் போட்டுச்சு. அன்னிக்கு யாராவது "இவன்தான் செஞ்சானா"ன்னு கேட்டிருந்தா அவங்களையும் சேத்து அடிச்சிருப்பாங்க.

ஆனா ஒருத்தர் கேட்டார். செத்துப்போன அந்த பையனோட அப்பா. எனக்கு இந்த கண்டக்டர் கதை நம்புற மாதிரி இல்ல, சிபிஐ விசாரிக்கணும்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். சிபிஐ வந்துச்சு, நவம்பர்ல அதே ஸ்கூல்ல பதினொண்ணாவது படிச்ச ஒரு மாணவனை கைது பண்ணுச்சு, கண்டக்டருக்கு எதிரா ஆதாரம்னு ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு. 2018 பிப்ரவரில கோர்ட் அவரை வழக்குல இருந்தே விடுவிச்சுது. அடிச்சு, மயக்க மருந்து குடுத்து என்னை ஒத்துக்க வெச்சாங்கன்னு வெளிய வந்தப்புறம் அவர் சொன்னார்.

சித்தி, நீங்க கேட்டதுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இந்த அப்பாதான். அவர் வீட்லதான் நடந்துச்சு, அவர் புள்ளதான் போனான். அப்பயும் அவர் கேட்டது எவனையாவது தூக்குல போடுங்கன்னு இல்ல, என் புள்ளைய கொன்னது யாருன்னு சொல்லுங்கன்னு தான். அவரும் நம்பியிருந்தா அந்த கண்டக்டரோட கதி என்னன்னு யோசிச்சாலே எனக்கு வயித்த கலக்குது.

இது ஆரம்பத்துலயே தப்பிச்ச கதை. தப்பிக்காம கடைசி வரைக்கும் போனது ஒண்ணு இருக்கு. அத பத்தி நம்ம ஊர்ல யாரும் பேசி நான் கேட்டதில்ல.

2003 ஜூன் 5 ராத்திரி, மகாராஷ்டிரால நாசிக் பக்கத்துல ஒரு தோட்டத்து குடிசைக்குள்ள ஒரு கும்பல் புகுந்துச்சு. காசு, நகைய புடுங்கிட்டு அஞ்சு பேரை கொன்னாங்க, பொம்பளைங்களுக்கு செஞ்சத எழுத எனக்கு கை வரல. ஒரு அம்மாவும் அவங்க மகனும் காயத்தோட உயிர் பொழைச்சாங்க. அந்த கேஸ்ல ஆறு பேரை போலீஸ் புடிச்சுது. எல்லாரும் ஊர் ஊரா போயி கூலி வேலை செஞ்சு பொழைக்கிற நாடோடி பழங்குடி ஆளுங்க. 2006ல கீழ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு குடுத்துச்சு. 2007ல ஐகோர்ட் மூணு பேருக்கு தூக்க உறுதி பண்ணி மூணு பேருக்கு ஆயுள் தண்டனையா குறைச்சுது. 2009 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், குறைச்சது தப்பு, ஆறு பேருக்கும் தூக்குதான்னு சொல்லிடுச்சு.

"சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, இதுக்கு மேல என்ன"ன்னு நாம சொல்வோம்ல? பத்து வருஷம் கழிச்சு, 2019 மார்ச் 5ஆம் தேதி, அதே சுப்ரீம் கோர்ட் ஆறு பேரையும் குத்தமே நிரூபிக்கப்படலன்னு விடுதலை பண்ணுச்சு. நடுவுல உண்மையான கொலைகாரன் வந்து சரண்டர் ஆகல, புது சாட்சியும் யாரும் வரல. 2009ல எந்த பேப்பரை வெச்சு சாகணும்னு எழுதினாங்களோ அதே பேப்பரைத்தான் வேற மூணு நீதிபதிங்க உக்காந்து படிச்சாங்க. அதுவும் ஏன் படிக்க முடிஞ்சுது, தூக்கு கேஸ்ல மறுசீராய்வு மனுவ, அதாவது குடுத்த தீர்ப்பையே திரும்ப பாருங்கன்னு அதே கோர்ட்ல போடற மனுவ, திறந்த கோர்ட்ல வாதம் கேட்டுதான் முடிவு பண்ணணும்னு 2014ல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அதனால. அந்த தீர்ப்புக்கு முன்னாடியே அவசரப்பட்டு தூக்குல போட்டிருந்தா? இவங்கள்ல ஒருத்தர் சம்பவம் நடந்தப்போ பதினெட்டு வயசு கூட ஆகாதவர்ங்கறதும் ரொம்ப பின்னாடிதான் தெரிய வந்துச்சு. பதினாறு வருஷம் ஜெயில். ஆளுக்கு 5 லட்சம் குடுக்க சொன்னாங்க, கணக்கு போட்டு பாருங்க, ஒரு நாளைக்கு 90 ரூபா கூட வராது.

அதே 2019, டிசம்பர் 6. ஹைதராபாத்ல ஒரு பெண் டாக்டரை கொடூரமா கொன்ன கேஸ்ல புடிச்ச நாலு பேரை போலீஸ் சுட்டுக் கொன்னுச்சு. ஜனங்க போலீஸ் மேல பூ தூவினாங்க, ஸ்வீட் குடுத்தாங்க. நானும் அன்னிக்கு வாட்ஸ்அப்ல கை தட்டுற ஸ்டேட்டஸ் வெச்சேன். அத மறைச்சுட்டு இந்த பதிவ எழுத எனக்கு யோக்கியதை இல்ல. அப்புறம் சுப்ரீம் கோர்ட் போட்ட சிர்புர்கர் கமிஷன், துப்பாக்கிய புடுங்கி சுட்டாங்கன்னு போலீஸ் சொன்னது நம்பும்படியா இல்ல, கொல்லணும்னே சுட்டிருக்காங்க, நாலுல மூணு பேரு மைனர்னு சொல்லுச்சு. அவங்க செஞ்சாங்களா இல்லையான்னு இனிமே எந்த கோர்ட்டும் சொல்ல முடியாது. மார்ச்ல அந்த ஆறு பேரு வெளிய வந்த நியூஸ் எனக்கு கண்லயே படல, டிசம்பர்ல கை தட்ட மட்டும் தெரிஞ்சுது.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, மாட்டுறது யாருன்னு? பஸ் கண்டக்டர், நாடோடி கூலிங்க. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தூக்கு கைதிங்க, அவங்க குடும்பத்த எல்லாம் நேர்ல பாத்து பேசி 2016ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அதுல கிட்டத்தட்ட நாலுல மூணு பேரு பொருளாதாரத்துல நலிஞ்சவங்க. நல்ல வக்கீல் வெக்க காசு இல்லாதவன், கோர்ட்ல பேசற பாஷையே புரியாதவன். உயர்நீதிமன்றத்துல அவனுக்காக பேசற வக்கீல பெரும்பாலும் ஒரு தடவ கூட அவன் நேர்ல பாத்திருக்க மாட்டான்.

அப்பீல்தான் இத்தன இருக்கே, தப்பு நடந்தா சரி பண்ணிடுவாங்கன்னு சொல்றவங்க ஜீத்தா சிங்க தெரிஞ்சுக்கணும். உத்தரப்பிரதேசத்துல ஒரே கொலை கேஸ்ல அவருக்கும் காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங்குக்கும் ஒரே மாதிரி தூக்கு. மூணு மனுவும் தனித்தனி பெஞ்ச்சுக்கு போச்சு. காஷ்மீராவுக்கு ஆயுளா குறைஞ்சுது. ஜீத்தா மறுசீராய்வு மனுவே போடல, 1981 அக்டோபர் 6ல தூக்குல போட்டாங்க. ஹர்பன்ஸ் மனு போட்டு கடைசி நேரத்துல தடை வாங்கினப்புறம்தான் இந்த வித்தியாசமே கோர்ட்டுக்கு தெரிஞ்சுது. ஹர்பன்ஸோட தண்டனைய குறைக்க குடியரசுத் தலைவருக்கு சிபாரிசு பண்ண முடிஞ்சுது. ஜீத்தாவுக்கு என்ன பண்ண முடியும்?

கடைசியா அந்த நாசிக் அம்மாவ பத்தி ஒண்ணு சொல்லணும், இதுதான் என்னை தூங்க விடல. சம்பவம் நடந்து ரெண்டு நாள்லயே, உடம்பெல்லாம் காயத்தோட இருந்த அவங்ககிட்ட போலீஸ் பழைய குற்றவாளிங்க போட்டோ ஆல்பத்த காமிச்சிருக்காங்க. அவங்க நாலு போட்டோவ கை காட்டியிருக்காங்க. தூக்கு கெடைச்ச ஆறு பேர்ல யாரும் அந்த நாலுல இல்ல. அந்த நாலு பேருதான் செஞ்சாங்கன்னு நான் சொல்லல, அது எனக்கு எப்படி தெரியும். ஆனா அவங்கள புடிச்சு ஒரு வார்த்தை கூட விசாரிக்கல. பதினாறு வருஷம் கழிச்சு கோர்ட் இத எழுதி, தப்பு செஞ்ச அதிகாரிங்க யாருன்னு கண்டுபிடிங்கன்னும் சொல்லுச்சு. அஞ்சு உசுரு போன வீடு அது. "உங்க வீட்ல நடந்திருந்தா"ன்னு கேட்கவே தேவையில்லாத ஒரு அம்மா, ரெண்டாவது நாளே விரல் நீட்டி காமிச்சுட்டாங்க சித்தி. அந்த விரல் எங்க காட்டுச்சுன்னு யாருமே போயி பாக்கல.