பிரிச்சுத் தச்ச படம்

(தையற்கடை. மாமா சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை லேப்டாப்போடு வருகிறான்.)

மாமா: 'ஹைலேண்டர்' பார்த்து முடிச்சேன் மாப்ளே. 1986 படம்னா நம்ப முடியுதா? வாள் மோதுனா பொறி பறக்குதுடா!

மாப்பிள்ளை: கிராபிக்ஸ் இல்ல மாமா. உடுப்புக்குள்ள ஒயர் ஓட்டி வாளை கார் பேட்டரியோட சேர்த்திருந்தாங்க. ரெண்டு வாளும் உரசுனா பொறி. இதுல ஹீரோ லாம்பர்ட்டுக்குக் கிட்டப்பார்வை வேற. சண்டையில கண்ணாடியும் போட முடியாது.

மாமா: கண்ணு சரியாத் தெரியாதவன் கையில கரண்டு வாளா? எதிர்ல நின்னவனுக்குக் கோயில் கட்டணும். சரி, ரெண்டாம் பாகத்தைப் போடு.

மாப்பிள்ளை: வேணாம் மாமா. முதல் படம் எப்படி முடிஞ்சுது?

மாமா: சாவே இல்லாதவனுங்க ஒருத்தன் தலையை ஒருத்தன் சீவி, கடைசியில ஹீரோ மக்லியோட் மட்டும் மிஞ்சறான். இனி எல்லாரையும் போல வயசாகும், சாவான், புள்ள பெத்துக்கலாம். அதான் பரிசு. முடிச்சுப் போட்டு நூலைக் கத்தரிச்சாச்சு.

மாப்பிள்ளை: அங்கதான் சிக்கல். உள்ள மடிப்புல துணியே விடல. 1991-ல அதைப் பிரிச்சுப் பெருசாக்கப் பார்த்தாங்க. இவனுங்க எல்லாம் ஸைஸ்ட்ங்கிற வேற கிரகத்துக்காரங்களாம். அங்க கலகம் பண்ணதுக்குப் பூமிக்கு நாடு கடத்திட்டாங்களாம்.

மாமா: டேய், மக்லியோட் 1518-ல ஸ்காட்லாந்துல பொறந்தவன். செத்தவன் எப்படி எந்திரிச்சான்னு ஊரே அடிச்சுத் துரத்துச்சு. குரு ராமிரெஸ் வந்துதான் அவன் யாருன்னே அவனுக்குச் சொன்னாரு!

மாப்பிள்ளை: ரெண்டாம் பாகத்துல ரெண்டு பேரும் அந்தக் கிரகத்துலயே கூட்டாளிங்க.

மாமா: அப்ப முதல் படத்துல யாரோ மாதிரி கைகொடுத்தது நடிப்பா?

மாப்பிள்ளை: அதைக் கேக்கக் கூடாது. கதை 2024-ல. ஓசோன் போனதால 1999-லயே மக்லியோட் பூமிக்கு மேல ஒரு கவசம் போட்டுட்டான். சூரியனும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. ஒரே புழுக்கம். இவன் கிழவன். ஸைஸ்ட்லேருந்து ரெண்டு அடியாள் வர்றானுங்க. அவனுங்களைக் கொன்னதும் இவன் திரும்ப வாலிபன்.

மாமா: சும்மா கெடந்த கிழவனை ஆள் அனுப்பிக் குமரனாக்குனாங்களா? யார்ரா அந்த வில்லன்?

மாப்பிள்ளை: கட்டானா.

மாமா: அது ஜப்பான் வாளு பேருடா. அடுத்தவன் பேரு அருவாமணையா?

மாப்பிள்ளை: இன்னும் கேளுங்க. மக்லியோட், "ராமிரெஸ்!"னு ஒரு சத்தம் போடுறான். அந்த வேஷம் போட்ட ஷான் கானரி உயிரோட வந்துடுறாரு.

மாமா: முதல் படத்துல வில்லன் குர்கன் அவர் தலையைத் துண்டா எடுத்தானே!

மாப்பிள்ளை: பேரைச் சொன்னா போதும்.

மாமா: நானும் ஒரு மாசமா காஜா பையன் பேரைக் கத்துறேன், பக்கத்துத் தெருவுலேருந்து வரமாட்டேங்கிறான்.

மாப்பிள்ளை: டைரக்டரை மட்டும் திட்டாதீங்க. முதல் படம் எடுத்த ரஸ்ஸல் மல்காஹிதான் இதுவும். அர்ஜென்டினாவுல ஷூட்டிங், அங்க பணவீக்கம் தலைவிரிச்சு ஆடுது. படம் முடியும்னு உத்தரவாதம் கொடுத்த கம்பெனி உள்ள பூந்து கத்தரியைக் கையில எடுத்துக்கிச்சு. முதல் காட்சியில கால் மணி நேரம்கூடத் தாங்காம அவரே எழுந்து போயிட்டாராம்.

மாமா: அளவெடுத்தவன் ஒருத்தன், வெட்டுனவன் ஒருத்தன். எப்படி உக்காரும்?

மாப்பிள்ளை: 1995-ல அவரே ஆல்டர் பண்ணிப் பார்த்தாரு. கிரகத்தைத் தூக்கிட்டு, பூமியோட ஆதிகாலம்னு மாத்துனாரு.

மாமா: கழுத்துப் பட்டியை மாத்துனா தோள் இறங்குனது சரியாகுமா?

மாப்பிள்ளை: அதுக்கு முன்னாடியே, 1994-ல வந்த மூணாம் பாகம் இப்படி ஒரு படம் வந்த மாதிரியே காட்டிக்கல. போடவா அதை?

மாமா: போடு. அது சரி, கானரி திரும்பி வந்து என்னதான் பண்றாரு?

மாப்பிள்ளை: ஸ்காட்லாந்துல நாடக மேடையில, 'ஹாம்லெட்' நடந்துட்டிருக்கும்போது நடுவுல குதிக்கிறாரு. அப்புறம் நேரா ஒரு தையற்கடைக்குப் போய் சூட்டு தச்சுக்குறாரு.

மாமா: தையற்கடையா? அளவெடுக்கிறதைக் காட்டுறானா?

மாப்பிள்ளை: மாமா...

மாமா: ரெண்டாவதையே போடுடா. அந்த இடம் வந்தா மட்டும் சொல்லு, மிஷினை நிறுத்துறேன்.