இசாண்டுல்வானாவில் வண்டி அரணே இல்லை

1879-இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டுல்வானாவில் பிரிட்டிஷ் படை மாட்டுவண்டிகளை வட்டமாகக் கட்டி அரண் அமைத்திருந்தது, அந்த மண்ணின் ஜூலு இன வீரர்கள் அதை உடைத்து ஜெயித்தார்கள் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. ஜெயித்தது நிஜம். அரண் கதை தவறு.

ஜனவரி 22 அன்று அந்த முகாமைச் சுற்றி வண்டி அரணும் இல்லை, பதுங்குகுழியும் இல்லை. அரண் கட்டச் சொல்லி போயர்களின் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) தலைவர் பால் க்ரூகர் முன்பே எச்சரித்தும் தளபதி செம்ஸ்ஃபோர்டு கேட்கவில்லை. கூடாரங்கள் நீளவாக்கில் பரந்து கிடந்தன. வண்டிகள் பின்னால் ஓரிடத்தில் நின்றன. சுமார் 20,000 ஜூலு வீரர்கள் மாட்டுக்கொம்பு வடிவில் இருபுறமும் வளைத்தார்கள். முகாம் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். திறந்தவெளியில், துப்பாக்கிகளை எதிர்த்து ஈட்டியோடு முன்னேறிப் பெற்ற வெற்றி அது. அதற்கு இட்டுக்கட்டிய கதை எதற்கு?

வண்டி அரணை ஜூலுக்கள் உடைத்தது வேறு இடத்தில்: மார்ச் 12, இன்டோம்பி ஆற்றங்கரை. அங்கே வண்டிகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தார்கள். அப்புறம் மார்ச் 29-இல் கம்புலாவில் வண்டிகளை நெருக்கிப் பிணைத்து, அடியில் மண்கட்டிகளை அடைத்திருந்தார்கள். அதை ஜூலு படையால் உடைக்க முடியவில்லை.